13 வயசு, மேச்சேரி, இடது கால் ஆட்டக்காரி: இந்தியக் கால்பந்து அணி வரைக்கும் வழி எப்படிப் போகுது?

கேள்வி | மேச்சேரி மாமா

எங்கள் ஊர் சேலம் மாவட்டம் மேச்சேரி. அக்கா மகளுக்கு 13 வயது. அரசுப் பள்ளியில் 8-ஆம் வகுப்பு. கால்பந்தில் இடது கால் ஆட்டக்காரி, விங்கில் (மைதானத்தின் ஓரத்தில்) ஆடுகிறாள். குறுவட்டப் போட்டியில் பள்ளி அணி ஜெயித்தது, மாவட்டத்தில் தோற்றது. பி.டி. டீச்சர், "இவளை விட்டுடாதீங்க, மேல கொண்டு போங்க" என்கிறார். மேலே என்றால் எங்கே என்பதுதான் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் அணி தாய்லாந்தை ஜெயித்து ஆசியக் கோப்பைக்குப் போனதிலிருந்து பாப்பா வேறு எதுவும் பேசுவதில்லை. நான் கேட்பது:

1. பள்ளிப் போட்டியைத் தாண்டி எங்கே பதிவு செய்ய வேண்டும்? என்ன சான்றிதழ்கள் வேண்டும்?
2. வாரத்துக்கு எவ்வளவு பயிற்சி? ஊர் மைதானம் கட்டாந்தரை, சரளைக்கல்.
3. இந்திய அணியில் ஆடுகிற பெண்களுக்குப் பிழைப்பு எப்படி ஓடுகிறது? அக்கா கேட்கிற ஒரே கேள்வி இதுதான்.

நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள்.

---

பதில் 1 | மாவட்ட லீக் அமைப்பாளர்

மாமா, முதலில் ஒரு விஷயம் தெளிவாகட்டும். பள்ளிப் போட்டி ஒரு ஏணி, சங்கப் போட்டி இன்னொரு ஏணி. குறுவட்டம், மாவட்டம், மாநிலம், அதற்கு மேல் தேசியப் பள்ளி விளையாட்டு என்று போவது கல்வித்துறை ஏணி. இந்திய அணிக்கு ஆள் எடுப்பது அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம். அவர்கள் பார்ப்பது மாநிலச் சங்கங்கள் அனுப்பும் சப்-ஜூனியர், ஜூனியர், சீனியர் தேசியப் போட்டிகளையும் லீக்குகளையும். பள்ளி ஏணியில் எவ்வளவு உயரம் ஏறினாலும் அது தானாக அந்த ஏணியில் கொண்டுபோய் விடாது. பாப்பா இரண்டிலும் ஏற வேண்டும். பள்ளி ஏணியை விட்டுவிடவும் கூடாது, பின்னால் கல்லூரி இடத்துக்கும் அரசு வேலைக்கும் அந்தச் சான்றிதழ்கள் பேசும்.

சங்கத்து ஏணியின் முதல் படி, மாவட்டக் கால்பந்து சங்கத்தில் இணைந்த ஒரு கிளப் அல்லது அகாடமி. அவர்கள்தான் சம்மேளனத்தின் கணினிப் பதிவில் பாப்பாவை ஏற்றி அடையாள எண் வாங்கித் தருவார்கள். இதைத் தனி ஆளாக வீட்டிலிருந்து செய்ய முடியாது. கிளப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: "பெண்களுக்குத் தனி அணி இருக்கா, இந்த சீசன்ல எத்தனை மேட்ச் ஆடுது?" பதிவு மட்டும் செய்துவிட்டு மேட்ச் தராத கிளப்பால் பிரயோஜனம் இல்லை.

காகித விஷயத்தில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் மாட்டுகிறார்கள். விவரமாகச் சொல்கிறேன்.

பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். அதில் குழந்தையின் பெயர் இருக்கிறதா? தமிழ்நாட்டில் பெயர் இல்லாமலே வாங்கிய சான்றிதழ் ஏராளம், "ஆண்/பெண்", பெற்றோர் பெயர், தேதி மட்டும் இருக்கும். பெயர் சேர்க்க, பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டு வரை சட்டத்தில் இடம் உண்டு, ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் சிறு தாமதக் கட்டணம். 13 வயது என்றால் இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் இந்த மாதமே முடித்துவிடுங்கள். பிறந்த ஊர் எந்தப் பேரூராட்சி, ஊராட்சி, ஆஸ்பத்திரியில் பதிவானதோ அங்கேதான் செய்ய வேண்டும்.

அடுத்து பதிவுத் தேதி. பிறந்த சில வாரங்களில் பதிந்த சான்றிதழ் என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பல வருஷம் கழித்து உத்தரவு வாங்கிப் பதிந்தது என்றால் வயதுப் பிரிவுப் போட்டிகளில் சந்தேகம் வரும், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை போன்ற பழைய ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். சில போட்டிகளில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்ப்பார்கள். சீக்கிரம் வளர்ந்துவிட்ட பெண்ணுக்கு உண்மை வயதைவிட எலும்பு வயது கூடுதலாகக் காட்டலாம். அப்படி ஆனால் பயப்பட வேண்டாம், அந்தப் போட்டியில் இடம் போகும், அவ்வளவுதான். மேல் வயதுப் பிரிவில் ஆடலாம்.

மூன்றாவது இனிஷியல். பள்ளியில் "மா. கவிநயா" மாதிரி ஒற்றை எழுத்து இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர் போகும். இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் என்று அணிப் பட்டியலில் பார்க்கிறோமே, அப்படி. எல்லா ஆவணத்திலும் பெயர், எழுத்துக்கூட்டல், தேதி ஒரே மாதிரி இருக்கட்டும். ஆங்கில எழுத்தில் ஒரு 'எச்' கூடுதல் குறைவு என்றாலும் கணினிப் பதிவு திரும்பி வரும். முதலில் பிறப்புச் சான்றிதழ், அதை வைத்து ஆதார் திருத்தம், அதன்பின் பள்ளிப் பதிவேடு என்ற வரிசையில் போங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் தப்பு ஏறிவிட்டால் மாற்றுவது பெரும்பாடு.

பாஸ்போர்ட்டுக்கு இப்போது அவசரம் இல்லை. மாநில அணியில் இடம் வந்தவுடன் எடுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பொதுவாக 5 ஆண்டு அல்லது 18 நிறையும் வரை, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதி இன்னொரு வழி. கோடை விடுமுறையை ஒட்டி மாவட்ட வாரியாகத் தேர்வு நடக்கும். 8 முடித்து 9-க்குப் போகும் நேரம் அதற்குச் சரியான வயது. சேலம் காந்தி ஸ்டேடியத்தில் இருக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஏப்ரலிலிருந்தே கேட்டுக்கொண்டே இருங்கள், அறிவிப்புக்கும் தேர்வுக்கும் நடுவே நாட்கள் குறைவாகவே இருக்கும். முதலமைச்சர் கோப்பை, கேலோ இந்தியாவின் (மத்திய அரசின் விளையாட்டுத் திட்டம்) பெண்களுக்கான அஸ்மிதா லீக் இரண்டையும் தவற விடாதீர்கள்.

---

பதில் 2 | காந்தி ஸ்டேடியம் கோச்

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் காகிதம் சரியாக இருந்து ஆட்டம் பத்தாமல் திரும்புகிற பிள்ளைகள்தான் நம் மாவட்டத்தில் அதிகம். காரணம் திறமைக் குறைவு இல்லை. மேட்ச் இல்லை. பள்ளி அணி குறுவட்டத்தில் இரண்டு, மாவட்டத்தில் ஒன்று ஆடினால் அந்த வருஷம் முடிந்தது. அதே வயது மணிப்பூர் பெண் வாரா வாரம் ஆடுகிறாள். வட்டமாகக் கோன் வைத்து டிரிப்ளிங் (பந்தைக் காலால் தட்டி ஓட்டுவது) பழகினால் கோனைத் தாண்டத் தெரியும், காலை நீட்டுகிற ஆளைத் தாண்டத் தெரியாது.

ஆகவே என் கணக்கு: வருஷத்துக்கு 30 முழு ஆட்டமாவது அவள் காலில் ஏற வேண்டும். பெண்கள் அணி கிடைக்காத வாரத்தில் பையன்களோடு ஆட விடுங்கள். 13, 14 வயது வரை இது நன்றாகவே வேலை செய்யும். வேகத்தில் தோற்பாள், அதனால் பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பிப் பார்த்து முடிவெடுக்கப் பழகுவாள். விங்கருக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. ஏழுக்கு ஏழு ஆட்டமும் கணக்கில் சேர்த்தி. அதில் பந்தைத் தொடுகிற தடவை பதினொருவர் ஆட்டத்தைவிட நிறைய.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒழுங்கமைத்த பயிற்சி வேண்டாம் என்பது பொதுவாகச் சொல்லும் வரம்பு. 13 வயதுக்கு 13 மணி நேரம், அதுவும் உச்சம். 8 முதல் 10 மணி போதும், மேட்ச்சும் அதற்குள் அடக்கம். வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. காலையில் அகாடமி, மாலையில் பள்ளி, இரவில் அப்பாவோடு ஓட்டம் என்று மூன்று வேளை ஓட வைத்துக் காலை உடைத்த வீடுகள் இருக்கின்றன.

மைதானத்தைப் பற்றி. கட்டாந்தரையில் பந்து எகிறும், வேகமாக ஓடும். அதில் பழகிய பெண் புல்தரைத் தேர்வுக்குப் போனால் அவள் பாஸ் பாதி வழியில் நின்றுவிடும், எதிராளி எடுத்துக்கொண்டு போவாள். தேர்வாளர் கண்ணில் அது "பாஸ் வலு இல்லை" என்று பதியும். ஆகவே மாதத்துக்கு இரண்டு தடவையாவது புல்லிலோ டர்ஃபிலோ (செயற்கைப் புல்) ஆட வையுங்கள். சேலம் டவுனில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப் மைதானங்கள் இருக்கின்றன, பத்துப் பேர் பங்கு போட்டால் தாங்கும். தேர்வுக்கு முந்தைய வாரம் கட்டாயம்.

பந்து 5-ஆம் நம்பர்: சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 அட்மாஸ்பியர் வரை விதியில் அனுமதி. கட்டாந்தரையில் 0.6, 0.7-லேயே வையுங்கள். கல்லு மாதிரி அடித்து வைத்தால் எகிறலும் கூடும், தலையால் முட்டும்போது அடியும் கூடும். அழுத்தம் காட்டும் கேஜ் வைத்த கைப்பம்பு வாங்கிவிடுங்கள்.

பெண்ணுக்கு இடது கால் என்றீர்கள். நம் நாட்டில் இயல்பான இடது கால் ஆட்டக்காரிகள் குறைவு, எந்தத் தேர்வாளரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்ப்பார். ஆனால் வலது காலைச் சும்மா விடாதீர்கள். சுவரில் தினம் 15 நிமிடம்: 5 மீட்டர் தள்ளி நின்று வலது காலின் உட்பக்கத்தால் அடித்து, திரும்பி வருவதை அதே காலால் நிறுத்தி, மறுபடி அடிப்பது. 50 ஒழுங்காக வந்தபின் 8 மீட்டருக்குத் தள்ளுங்கள். பந்தை நிறுத்தும் கால் உறைந்து நிற்கக் கூடாது, பந்து தொடும் நொடியில் லேசாகப் பின்வாங்க வேண்டும். முதல் தொடுதல் ஒரு மீட்டருக்கு மேல் விலகினால் அதை எண்ணாதீர்கள்.

ஓட்டத்திறன் பார்க்க யோ-யோ டெஸ்ட் பழக்குங்கள். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு, தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் 5 மீட்டரில் ஒரு கோன். பீப் சத்தத்துக்கு 20 மீட்டர் போய்த் திரும்பி வந்து, 10 நொடியில் பின்னாலுள்ள கோனைச் சுற்றி நடந்து வந்து, அடுத்த பீப்புக்குத் தயாராக வேண்டும். இரண்டு தடவை கோட்டை எட்டாவிட்டால் முடிந்தது. தேசிய முகாம்களில் உடல்தகுதி பார்க்கும் முறைகளில் இது ஒன்று. மாதம் ஒரு தடவை போதும். இதையே பயிற்சியாக்கி வாரத்துக்கு நான்கு நாள் ஓட வைப்பவர்கள் உண்டு, அது தப்பு.

---

பதில் 3 | பிசியோ, அம்மாபேட்டை

முட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே. பெண்கள் கால்பந்தில் பாதி வாழ்க்கைகள் அங்கேதான் முடிகின்றன.

முட்டியின் முன் குறுக்குத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல் நேர்கிறது. பெரும்பாலும் யாரும் இடிக்காமலே நடக்கும். ஓடி வந்து சட்டென்று திசை மாற்றும்போது, எகிறி ஒற்றைக் காலில் இறங்கும்போது, முட்டி உள்பக்கமாகச் சரிந்து, பாதம் மட்டும் தரையில் பிடித்துக்கொண்டு நிற்கும். "டப்" என்று கேட்டது என்பார்கள், சில மணி நேரத்தில் முட்டி வீங்கிவிடும். ஆபரேஷன் செய்தால் மறுபடி களத்துக்கு வர குறைந்தது 9 மாதம். 16, 17 வயதில் இது நடந்தால் அந்த வயதுப் பிரிவே கைவிட்டுப் போகும்.

இதைக் குறைக்கச் செலவே இல்லாத வழி இருக்கிறது. ஃபிஃபாவின் '11+' வார்ம்-அப். 20 நிமிடம், வாரத்துக்கு இரண்டு தடவையாவது, ஒவ்வொரு பயிற்சிக்கும் முன். இளம் பெண்கள் அணிகளில் செய்த ஆய்வுகளில் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, ஒழுங்காகச் செய்த அணிகளில் இன்னும் அதிகம். மூன்று பகுதி:

முதல் 8 நிமிடம் மெதுவான ஓட்டம். 5, 6 மீட்டர் இடைவெளியில் ஆறு ஜோடி கோன். இடுப்பை வெளியே திறந்து, உள்ளே மூடி, ஜோடியைச் சுற்றி, தோளோடு தோள் எகிறி, முன்னும் பின்னும் ஓடி.

அடுத்த 10 நிமிடம்தான் உயிர்நாடி. முழங்கையில் ஊன்றி உடலைப் பலகை மாதிரி நிறுத்துவது 20 முதல் 30 நொடி, மூன்று தடவை. அதே போலப் பக்கவாட்டில். பிறகு மண்டியிட்டு, தோழி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, முதுகு நேராக மெல்ல முன்னால் சாய்வது. தொடக்கத்தில் 3 முதல் 5 தடவைதான், மறுநாள் பின்தொடை வலிக்கும், பழகியபின் 7 முதல் 10. ஒற்றைக் காலில் பந்தைப் பிடித்து நிற்பது. குதிகால் உயர்த்தி உட்கார்ந்து எழுவது 30 நொடி, இரண்டு தடவை. நின்ற இடத்தில் எகிறி மெத்தென்று இறங்குவது 30 நொடி, இரண்டு தடவை.

கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம், தாவல் ஓட்டம், ஊன்றித் திசை மாற்றுவது.

இதில் எல்லோரும் விடும் தப்பு, எண்ணிக்கையை மட்டும் முடிப்பது. முன்னால் நின்று பாருங்கள்: உட்காரும்போதும் இறங்கும்போதும் முட்டி, கால் விரல்களுக்கு நேராக நிற்க வேண்டும், உள்ளே சரியக் கூடாது. இறங்கும் சத்தம் கேட்கக் கூடாது. சரிந்தால் நிறுத்தி, பாதி ஆழத்துக்குத் திரும்பப் போங்கள். செல்போனில் எடுத்துக் காட்டினால் பிள்ளைகள் தாங்களே திருத்திக்கொள்கிறார்கள்.

ஷூ. கட்டாந்தரைக்கு நீள ஸ்டட் (ஷூ அடியில் உள்ள குமிழ்) ஆகாது. நிறைய சின்ன ரப்பர் குமிழ் உள்ளதை வாங்குங்கள். நீள ஸ்டட் கட்டாந்தரையில் இறங்காமல் மேலேயே நிற்கும், குதிகாலும் பாதமும் அடி வாங்கும். டர்ஃபில் அதே ஸ்டட் பிடித்துக்கொண்டு விடாது, முட்டி திருகும். "வளர்ற புள்ளை" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கிப் பஞ்சு அடைப்பது கொப்புளத்துக்கும் கணுக்கால் பிசகுக்கும் நேர் வழி. விரல் நுனிக்கு முன்னால் அரை விரல் இடம் போதும்.

வளரும் வயதில் முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால், குதிகால் பின்பக்கம் காலையில் வலித்தால், அது பெரும்பாலும் வளர்ச்சித் தகடு இழுபடுவது. ஓட்டத்தையும் எகிறலையும் குறைத்தால் அடங்கும். வலியோடு ஆட வைக்காதீர்கள். மாத்திரை கொடுத்து மேட்ச்சுக்கு இறக்குவது எந்த வயதிலும் தப்பு.

இனி அக்காவிடம் நேராகச் சொல்ல வேண்டியது. நல்ல விளையாட்டு உள்ளாடை இரண்டு வேண்டும், அது இல்லாததாலேயே ஓடக் கூச்சப்பட்டு நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள். மாதவிடாய் நாட்களில் ஆடத் தடை எதுவும் இல்லை, அவளுக்கு முடிகிற அளவு ஆடட்டும். தேதியை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மூன்று மாதம் வராமல் நின்றால், அல்லது 15 வயது ஆகியும் தொடங்காவிட்டால், டாக்டரிடம் காட்டுங்கள். ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அப்படியே விட்டால் எலும்பு தேயும்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 20 நிமிடத்தில் மூச்சு வாங்கும் பெண்ணைச் "சோம்பேறி" என்று திட்டுவதற்கு முன்னால் இந்த ஒரு டெஸ்டை எடுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை அவள் உண்மையில் விழுங்குகிறாளா என்று பாருங்கள், வயிற்றைப் பிரட்டுகிறது என்று பல பிள்ளைகள் வீசிவிடுகிறார்கள். சாப்பிட்டபின் போட்டால் தாங்கும். டீ, காப்பி சாப்பாட்டோடு வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும், அது இரும்பைச் சேர விடாது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொள்ளு சாப்பிடும்போது கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் சேரும். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் இரண்டு முட்டை, வாழைப்பழம், கடலை மிட்டாய். புரோட்டீன் பவுடர் தேவையே இல்லை.

---

கேள்வி கேட்டவர் | மேச்சேரி மாமா

பிறப்புச் சான்றிதழில் பெயர் இல்லை! நாளைக்கே போகிறேன். இன்னொரு கேள்வி: மே மாதம் ஏற்காட்டில் மலைப் பயிற்சி முகாம் என்று ஒருவர் சொல்கிறார். உயரத்தில் பயிற்சி செய்தால் நுரையீரல் பெருகும், ஓட்டம் கூடும் என்கிறார். அனுப்பலாமா?

---

பதில் 4 | ஏற்காடு ஒண்டிக்கடை

மாமா, நுரையீரல் கதையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். உயரப் பயிற்சி என்று விளையாட்டு அறிவியலில் சொல்வது 2,000 முதல் 2,500 மீட்டரில், அதுவும் மூன்று நான்கு வாரம் தங்கி. ரத்தத்தில் சிவப்பணு கூட அவ்வளவு காலம் வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான். ஒரு வார முகாமில் ரத்தத்தில் எதுவும் மாறாது.

ஆனால் மே மாதத்துக்கு ஏற்காடு நல்ல இடம்தான், வேறு காரணத்துக்காக. கீழே சேலத்தில் 38, 40 டிகிரி கொதிக்கும்போது காலை ஏழரைக்கு மேல் ஓட முடியாது. மேலே அதைவிடப் பத்து டிகிரி வரை குறைவு. பத்து மணிக்கும் பந்தோடு வேலை செய்யலாம், மாலையிலும் ஒரு வேளை சேர்க்கலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள்: சமதள மைதானம் இருக்கிறதா? சேர்வராயன் மலையில் முழு அளவுக் கால்பந்து மைதானம் என்றால் பெரும்பாலும் பழைய விடுதிப் பள்ளிகளுடையது, அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ரோட்டிலும் எஸ்டேட் பாதையிலும் ஓட வைத்து முடித்துவிடுவார்கள். பெண் பயிற்சியாளரோ வார்டனோ இரவில் தங்குவாரா? முகாமில் மேட்ச் உண்டா?

ஓட்டம் என்றால் மேட்டில் ஏறி ஓடுவது நல்லது: 20, 30 மீட்டர் மிதமான ஏற்றம், ஆறு முதல் எட்டு தடவை, நடந்து இறங்கி, மூச்சு அடங்கியபின் அடுத்தது. இறக்கத்தில் ஓட விடாதீர்கள். தார் ரோட்டு இறக்கத்தில் ஓடியே முட்டிச் சில்லு வலி வாங்கி வருகிறவர்கள் ஒவ்வொரு கோடையிலும் உண்டு. கோடை மழை மதியத்துக்கு மேல் இடியோடு வரும், மின்னல் தெரிந்தால் மைதானத்தை விட்டு வெளியேற வேண்டும், மரத்தடியில் நிற்கக் கூடாது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகையில் வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால் அன்று பயிற்சி வேண்டாம், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து ஓய்வு.

---

பதில் 5 | பெண்கள் லீக் பின்தொடர்பவன்

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். அது நியாயமான கேள்வி.

நம் மாநிலத்தில் இதற்குக் கடலூரைப் பார்க்க வேண்டும். இந்துமதி கதிரேசன் 1994-ல் பிறந்த கடலூர்க்காரர், நடுக்கள ஆட்டக்காரர். இந்திய அணியில் பல ஆண்டு ஆடிக்கொண்டே தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 கொரோனா ஊரடங்கில் சென்னையில் ரோட்டில் நின்று டூட்டி பார்த்தார். சந்தியா ரங்கநாதன் கடலூர் அரசுக் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து, அங்கிருந்தே பந்தைப் பிடித்து, இந்திய முன்கள ஆட்டக்காரர் ஆனார். இருவரையும் வளர்த்தது கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு அகாடமி சூழல். பெரிய பணமோ வெளிநாட்டுக் கோச்சோ இல்லை. ஒரே ஊரில் வருஷக்கணக்கில் ஒரே பயிற்சியாளர், சேர்ந்து ஆட ஒரு கூட்டம் பெண்கள், ஓயாத போட்டி. கோச் சொன்ன மேட்ச் கணக்குக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்தத் தலைமுறைதான் 2018-ல் கட்டக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாட்டுக்கு முதல் சீனியர் தேசியப் பட்டம் கொண்டுவந்தது. பட்டத்தை அதிகத் தடவை வென்ற அணியை! 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை அதே 2-1-ல் வென்று மறுபடியும். நடுவே 2019-ல் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றது.

இந்த லீக்தான் வருமானத்தின் முதல் வாசல். 2016-17-ல் தொடங்கியபோது ஒரே ஊரில் சில வாரம் நடக்கும் போட்டி. 2023-24 முதல் சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாறி மாறி ஆடும் முழு லீக். முன்னணி கிளப்புகள் குறைந்தது பத்து இந்திய ஆட்டக்காரிகளுக்கு ஆண்டுக்கு ₹3.2 லட்சமாவது தர வேண்டும் என்று சம்மேளனம் 2023-ல் சொன்னது. அதாவது மாதம் சுமார் ₹27 ஆயிரம். குடும்பத்தைத் தாங்க இது போதாது. மேல்மட்டத்தில் சிலருக்கு அதைவிட நல்ல ஒப்பந்தம். வெளிநாடு போனவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவு: பாலா தேவி 2020-ல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ், மனிஷா கல்யாண் 2022-ல் சைப்ரஸின் அப்போலோன் அணியோடு ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்.

ஆகவே உண்மையான அடித்தளம் அரசு வேலை. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு. ரயில்வே, காவல்துறை இரண்டும் அணி வைத்தே ஆள் எடுக்கின்றன. இதற்குப் படிப்பு வேண்டும். பத்தாம் வகுப்போடு நிறுத்திய நல்ல ஆட்டக்காரிக்கும், டிகிரி முடித்த சுமாரான ஆட்டக்காரிக்கும் 25 வயதில் கிடைக்கும் வேலை வேறு வேறு. முகாம், போட்டி என்று பள்ளி நாட்கள் போகும், பங்கேற்புக் கடிதத்தைப் போட்டி முடிந்த அன்றே வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுத்து வருகைப் பதிவைச் சரிசெய்யுங்கள். சான்றிதழில் போட்டிப் பெயர், வயதுப் பிரிவு, பெற்ற இடம், தேதி, முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். ஐந்து வருஷம் கழித்து ஒதுக்கீட்டு விண்ணப்பத்தில் கேட்பார்கள், அப்போது கையெழுத்துப் போட்டவர் எங்கே இருப்பாரோ.

பாப்பா பார்த்த அந்த ஆட்டத்தைப் பற்றி: 2025 ஜூலை 5, தாய்லாந்தின் சியாங் மாய். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். தகுதிச் சுற்று ஆடி ஜெயித்து இந்தியா ஆசியக் கோப்பைக்குள் போனது அதுதான் முதல் தடவை. அதே தொடரில் ஈராக்கை 5-0 வென்ற ஆட்டத்தில் நம் கார்த்திகா அங்கமுத்து ஒரு கோல் போட்டார். அடுத்த மாதமே 20 வயதுக்குட்பட்ட பெண்கள் யாங்கூனில் மியான்மரை 1-0 என்று வென்று, 2006-க்குப் பின் முதல் தடவையாக அந்த வயது ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். பிறகு 17 வயதுக்குட்பட்டோரும். வயதுப் பிரிவு அணிகளுக்குத் தொடர்ந்து முகாம் நடக்கும் காலம் இது. 13 வயதுப் பெண்ணுக்கு இதைவிட நல்ல நேரம் முன்பு இருந்ததில்லை.

---

பதில் 6 | காந்தி ஸ்டேடியம் கோச்

மாமா, மாவட்டத் தேர்வுக்குப் போகும்போது கவனிக்க: பிறப்புச் சான்றிதழ், ஆதார் இரண்டும் அசலும் நகலும், நாலு போட்டோ, பள்ளிச் சான்று. ஷின் கார்டு (முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கட்டும் காப்பு) கட்டாயம், இல்லாமல் இறக்க மாட்டார்கள். ஷூ பழகினதாக இருக்கட்டும், புதுசைப் போட்டு வரக் கூடாது. முதல் நாள் இரவு கறிவிருந்து வேண்டாம், காலையில் இட்லி, இரண்டு மணி நேரம் முன்னால்.

விண்ணப்பத்தில் "எந்த இடம்" என்ற கட்டத்தில் "எல்லா இடமும்" என்று எழுதாதீர்கள். "இடது விங், இடது பேக்" என்று எழுதுங்கள். இடது பேக்குக்கு, அதாவது இடது பக்கத் தடுப்பு ஆட்டத்துக்கு, எப்போதும் ஆள் பஞ்சம். தேர்வு ஆட்டம் இருபது நிமிடம்கூட இருக்காது, பந்து அவளிடம் நாலைந்து தடவைதான் வரும். பந்து போன பிறகு என்ன செய்கிறாள் என்பதையும் குறித்துக்கொள்வார்கள், ஆகவே பந்தை இழந்தால் நிற்காமல் ஐந்து நொடி துரத்தச் சொல்லுங்கள். கூப்பிட்டுப் பந்து கேட்கட்டும், நம் பெண்கள் களத்தில் வாயைத் திறப்பதே இல்லை.

பெயர் சேர்த்த சான்றிதழ் கைக்கு வந்ததும் இங்கே சொல்லுங்கள், பெண்கள் அணி ஓடுகிற கிளப் எது என்று பார்த்துச் சொல்கிறேன்.